நெல்லைச் சீமையின் முன்னோடிப் பெண்கள்: தேடுவதும் எழுதுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லைச் சீமை என்று எந்த எல்லையைச் சொல்கிறீர்கள்?

பழைய திருநெல்வேலி ஜில்லா முழுவதையும். தேடப் போகிறவர்களுக்கு இது முதலில் தெரிய வேண்டும், ஏனென்றால் ஒரு காகிதம் எந்த ஆபீசில் இருக்கும் என்பது எல்லையைப் பொறுத்தது. 1986 அக்டோபர் 20இல் தூத்துக்குடியும் 2019 நவம்பர் 22இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. கழுகுமலையும் எட்டயபுரமும் இன்று தூத்துக்குடியில். கடையமும் சங்கரன்கோவிலும் தென்காசியில். பழைய நூல்களிலும் அட்டவணைகளிலும் எல்லாமே ‘திருநெல்வேலி’ என்றுதான் இருக்கும்.

செங்கோட்டைப் பக்கம் தேடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1இல்தான் அந்தப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய காகிதங்கள் திருவிதாங்கூர் முறையில் எழுதப்பட்டவை. அவற்றைத் திருநெல்வேலிப் பதிவுகளில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பெண்களைப் பற்றி ஆவணமே கிடையாது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. ஆவணம் இருக்கிறது, ஆனால் அது வேறொருவர் பெயருக்குக் கீழே கிடக்கிறது. இன்னார் மனைவி, இன்னார் மகள், இன்னார் விதவை என்றுதான் நம் ஊர்ப் பெண்கள் பதிவாகியிருக்கிறார்கள். அரசர், பாளையக்காரர், கலெக்டர் என்று வரிசைப்படுத்திய வரலாற்று நூல்களின் பெயர் அட்டவணையில் அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். தானம் கொடுத்த கல்வெட்டு, நிலம் வாங்கிய பத்திரம், சபைப் பதிவேடு, சம்பளப் பட்டியல் என்று பொருள் கைமாறிய இடங்களில் தேடுங்கள். கணக்கு எழுதுகிறவன் பணம் கொடுத்தவளின் பெயரை விட்டுவிட முடியாது.

மிகப் பழைய சான்று எது?

நாங்கள் முதலில் காட்டுவது கழுகுமலை. கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். மலைப்பாறையைக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் பலர், பக்கத்திலேயே பாறையில் வரிசை வரிசையாக இருக்கும் சமணச் சிற்பங்களை ஒரு படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு உருவத்துக்கும் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் சிறுசிறு வரிகள் உண்டு. யார் செய்வித்தது, யாருக்காக, எந்த ஊர் என்பதை அவை சொல்லும். காலம் 8, 9ஆம் நூற்றாண்டு. அவற்றில் குரத்தியார், குரத்திகள் என்று வருகிறவர்கள் சமணப் பெண் ஆசிரியர்கள். மிழலூர்க் குரத்தியார், திருச்சாரணத்துக் குரத்திகள் என்று ஊரோடு சேர்த்தே பெயர் வெட்டியிருக்கிறது. அவர்களுக்கு மாணாக்கர் இருந்திருக்கிறார்கள். இன்னாருடைய மாணாக்கர் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அந்த ஆசிரியைகளுக்கு மதிப்பு இருந்திருக்கிறது.

திருச்சாரணம் என்பது குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கே குணந்தாங்கி குரத்திகள் என்பவர், பேராயக்குடி அரட்டநேமி படாரரின் மாணாக்கியார், பகவதிக்குப் பொன் அணிகலன் கொடுத்த செய்தி கல்லில் இருக்கிறது. இரண்டு மலைகளையும் சேர்த்துப் பார்த்தால், சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் தென்பாண்டி நாட்டில் பெண்கள் ஆசிரியர்களாக ஊர்விட்டு ஊர் போய் வந்தது கண்முன் தெரிகிறது. இதைவிடப் பெரிய செய்தி நம் பக்கத்தில் வேறெதுவும் இல்லை என்பது எங்கள் எண்ணம். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருப்பது வருத்தம்தான்.

அந்த எழுத்துகளைப் படம் எடுப்பது எப்படி? நடுப்பகலில் எடுத்தால் ஒன்றுமே தெரியவில்லை.

வெயில் நேராக விழும்போது வெட்டிய பள்ளத்தில் நிழல் இருக்காது, அதனால்தான் தெரியவில்லை. ஒளி பாறையை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வர வேண்டும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. சிற்பப் பகுதிக்கு வெயில் சாய்வாக விழும் நேரத்தை ஒருநாள் முன்னதாகவே போய்ப் பார்த்து வையுங்கள்.
2. வெயில் ஒத்துவராவிட்டால் ஒருவர் டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் இடப்பக்கம், வலப்பக்கம், மேலே என மூன்று இடங்களில் பிடிக்கட்டும். கேமராவை அசைக்காமல் மூன்று படம் எடுங்கள். ஒரு படத்தில் மறையும் கோடு இன்னொன்றில் தெரியும்.
3. ஓரத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். முதலில் முழு உருவம், பிறகு எழுத்து மட்டும்.
4. எந்த வரிசை, இடமிருந்து எத்தனையாவது உருவம் என்று அங்கேயே நோட்டில் குறியுங்கள். வீட்டுக்கு வந்தபின் எல்லாச் சிற்பமும் ஒன்றுபோலவே இருக்கும்.

சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் பாறையில் தேய்க்காதீர்கள். நீங்கள் வெள்ளையடித்த கோடு உண்மையான எழுத்தா, பாறையின் வெடிப்பா என்று அடுத்து வருகிறவருக்குத் தெரியாமல் போகும், எண்ணெய் உறிஞ்சிய இடம் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். ஈரக் காகிதத்தை ஒட்டித் தூரிகையால் அடித்து மை ஒற்றும் மைப்படி வேலை, தொல்லியல் துறையின் அனுமதியோடு பழகியவர்கள் செய்ய வேண்டியது.

படிக்கும்போதும் கவனம் வேண்டும். பழைய வட்டெழுத்தில் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் இருக்கும். ஆகவே ஒரே வரியை இரண்டு விதமாக வாசிக்க இடம் உண்டு. உங்கள் வாசிப்பை ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ 5ஆம் தொகுதியில் அச்சான பாடத்தோடு ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள்.

கோயில் கல்வெட்டுகளில் பெண்ணை எப்படி அடையாளம் காண்பது?

மணவாட்டி, மகள், தேவியார், பிராட்டியார், நங்கை, தேவரடியார் ஆகிய சொற்களைத் தேடுங்கள். பெயர் முடிவை மட்டும் பார்த்து ஆணா பெண்ணா என்று தீர்மானித்தால் தவறு வரும். அடுத்து, என்ன கொடுத்தாள் என்று பாருங்கள். நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு ஒன்றுக்குச் சோழர் காலத்தில் 90 அல்லது 96 ஆடு கொடுப்பது வழக்கம். அதை ஏற்றுக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஒரு பெண் தன் பெயரில் 96 ஆடு கொடுத்தாள் என்றால், கொடுக்கும் அளவுக்கு அவளிடம் சொத்து இருந்தது, அதை ஆளும் உரிமையும் இருந்தது என்று பொருள். ‘பக்தையான ஒரு பெண்மணி’ என்று மட்டும் எழுதி அவளுடைய கணக்கை விட்டுவிடாதீர்கள்.

தேவரடியார் என்ற சொல்லைப் பார்த்ததும் பிற்கால இழிபொருளை அதன்மேல் ஏற்றக் கூடாது. இடைக்காலக் கல்வெட்டுகளில் அவர்கள் நிலமும் பொன்னும் தந்த கொடையாளர்களாகவும் வருகிறார்கள்.

குளோரிந்தா யார்? ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்களே?

பாளையங்கோட்டையில் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று இன்றும் வழங்கும் சிற்றாலயத்தைக் கட்டியவர். தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டிய பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளமையிலேயே விதவையானவர். லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு பாளையங்கோட்டைக்கு வந்தார். மணமாகாமல் அவரோடு வாழ்கிறார் என்று சொல்லி மிஷனரி சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். லிட்டில்டன் இறந்தபின் 1778இல் கொடுத்தார். 1780இல் எழுதிய பாளையங்கோட்டைச் சபையின் முதல் பட்டியலில் 40 பேர், அதில் முதல் பெயர் குளோரிந்தாவுடையது. அவர் முன்னின்று கட்டிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டையானது. அவர் பெயரில் ஒரு கிணறும் உண்டு.

எழுதும்போது மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள். முதலாவது, பெயர். குளோரிந்தா, கிளாரிந்தா, கிளோரிந்தாள் என்று பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். ஒரு வடிவத்தை மட்டும் தேடினால் பாதி ஆவணம் தப்பிவிடும். இரண்டாவது, அ. மாதவையா 1915இல் வெளியிட்ட நாவல். அதில் வரும் உரையாடலையும் குடும்ப விவரங்களையும் வரலாற்றுச் செய்தியாகவே எடுத்து எழுதிவிடுகிறார்கள். நாவல் நாவல்தான். மூன்றாவது, ‘நெல்லையின் முதல் கிறிஸ்தவர்’ என்ற பட்டம். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களிலேயே கத்தோலிக்கம் தழுவினார்கள், சவேரியார் 1542இல் வந்தார். குளோரிந்தா, பாளையங்கோட்டைச் சீர்திருத்தச் சபையின் முதல் பட்டியலில் முதல் பெயர். அவ்வளவு சொன்னாலே போதும், அதுவே பெரிது.

‘முதல் பெண்’ என்று எப்போது எழுதலாம்?

எதில் முதல், எந்த எல்லைக்குள், எந்தப் பதிவேட்டின்படி என்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் எழுதலாம். முடியாவிட்டால் ‘முன்னோடிகளில் ஒருவர்’ என்று எழுதுங்கள்.

வெள்ளைக்காரப் பெண்களை ஏன் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்?

அவர்கள் செய்த வேலை இங்கே நிற்கிறது என்பதால். ஆனால் எடை பார்த்துச் சேர்க்க வேண்டும். சாராள் தக்கர் கல்லூரிக்குப் பெயர் தந்த சாராள் தக்கர் இந்தியாவுக்கே வராதவர். அவர் நினைவாக 1858இல் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி வந்தது, 1895இல் கல்லூரி வந்தது. பாளையங்கோட்டையில் 1890இல் பார்வையற்றோருக்குக் கல்வி தொடங்கியவர் ஆஸ்க்வித் அம்மையார். அதே பத்தாண்டில் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கியவர் புளோரன்ஸ் சுவைன்சன். கட்டடத்தின்மேல் இவர்கள் பெயராவது இருக்கிறது. வகுப்பில் நின்று பாடம் சொன்ன தமிழ்ப் பெண்களின் பெயர் எங்கே என்று கேட்பதுதான் அடுத்த வேலை.

டோனாவூர் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே குழந்தைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேலை எல்லோருக்கும் தெரியும். அவரோடு தொடக்கத்திலிருந்து உழைத்த இளம் விதவை பொன்னம்மாள். நெய்யூரில் கைக்குழந்தைகள் காப்பகத்தை நடத்தியவர் அவர்தான். பொன்னம்மாளைப் பற்றி ஏமி கார்மைக்கேலே தனி நூல் எழுதியிருக்கிறார். அப்படியிருந்தும் நம் ஊர்க் கட்டுரைகளில் அவருக்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது.

இடையன்குடி லேஸ் வேலையை யார் கொண்டுவந்தது?

எலிசா கால்டுவெல். பிஷப் கால்டுவெல்லின் மனைவி என்றே அறிமுகமாகிறார். நாகர்கோவிலில் ஊழியம் செய்த மால்ட் தம்பதியின் மகள், தமிழ் கேட்டு வளர்ந்தவர். 1844இல் மணமாகி இடையன்குடிக்கு வந்தார், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்.

அந்த வேலையைப் பார்க்காதவர்கள் அதைப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறார்கள். கெட்டியாக அடைத்த தலையணைமேல் துளையிட்ட மாதிரித் தாளை விரித்து, துளைதோறும் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை ஜோடி ஜோடியாகத் தொங்கவிடுவார்கள். ஒரு நேரம் கையில் இருப்பது இரண்டு ஜோடி, அதாவது நான்கு கட்டை. நடுவில் உள்ள இரண்டைக் குறுக்கே மாற்றுவது ஓர் அசைவு, ஒவ்வொரு ஜோடியையும் தனக்குள் முறுக்குவது இன்னோர் அசைவு. எவ்வளவு நுணுக்கமான பூவும் இந்த இரண்டு அசைவிலிருந்துதான் வரும். ஓரிடத்தில் முறுக்கு விட்டுப்போனால் உடனே தெரியாது. ஊசியை உருவிய பிறகுதான் கண்ணி தளர்ந்து தொங்கும், அப்போது அவிழ்த்துத் திரும்பப் பின்னுவதைத் தவிர வழியில்லை. கடற்கரைக் காற்றில் இரும்பு ஊசி துருப்பிடித்து வெள்ளை நூலில் கறை ஏற்றும். அதற்குத்தான் பித்தளை ஊசி. கை வியர்த்தால் நூல் அழுக்காகும். இவ்வளவும் கற்ற பெண் தொழிலாளி, கூலிக்குப் பின்னியவள். மிஷன் அறிக்கைகளில் லேஸ் விற்ற கணக்கு வரும் இடங்களைத் தேடுங்கள். பெண்கள் ஈட்டிய வருமானம் எழுத்தில் ஏறிய இடங்களில் அதுவும் ஒன்று.

செல்லம்மாள் பாரதி பற்றிப் புதிதாக எழுத என்ன இருக்கிறது?

பதிப்பாளர் செல்லம்மாளை எழுதுங்கள். கடையத்தில் பிறந்தவர், 1897இல் மணம், கணவர் 1921இல் மறைந்தார். அடுத்த ஆண்டே குடும்பத்தார் துணையோடு பாரதி ஆசிரமம் என்ற பெயரில் ‘சுதேச கீதங்க’ளை அச்சிட்டு வெளியிட்டவர் அவர். கைம்பெண் ஒருத்தி தெருவில் நடமாடுவதே பேச்சான காலத்தில் அச்சகம், காகிதம், கடன், விற்பனை எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொண்டார். முதல் பதிப்புகளின் முகப்புப் பக்கத்தையும் முன்னுரையையும் பார்த்து எழுதினால் வறுமைக் கதையாக மட்டும் நின்றுவிடாது.

வீரக்கதையாகவும் தெய்வமாகவும் நிற்கும் பெண்களை வரலாறு என்று எழுதலாமா?

கட்டபொம்மனின் தளபதி சுந்தரலிங்கத்தோடு வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்த வடிவு, தீப்பாய்ந்த அம்மன், ஊர் எல்லையில் நடுகல்லாக நிற்கிறவள் என்று நம் பக்கம் நிறைய உண்டு. தள்ளிவிடவும் வேண்டாம், அப்படியே ஏற்கவும் வேண்டாம். நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் கண்ணால் பார்த்தது: கல், அதன் உயரம், உருவம், எழுத்து. வளையலோடு மடங்கி உயர்ந்த கை செதுக்கியிருந்தால் அது சதிக்கல்லின் அடையாளம். மற்றதில் கேட்டது: யார் சொன்னார், வில்லுப்பாட்டில் எப்படி வருகிறது, கோயில் கொடைவிழா எந்த மாதம், எந்தக் குடும்பம் முதல் மரியாதை பெறுகிறது. ஒரே கதையை இரண்டு சாதித் தெருக்களிலும் கேளுங்கள். வேறுபடும் இடத்தில்தான் பெரும்பாலும் உண்மை ஒளிந்திருக்கும்.

எங்கள் ஆச்சி அந்தக் காலத்திலேயே டீச்சர். எங்கிருந்து தொடங்குவது?

ஆச்சி பிறந்த ஊரிலிருந்து. புகுந்த வீட்டில் பெண்ணை ஊர்ப்பெயரால்தான் கூப்பிட்டிருப்பார்கள்: வள்ளியூர்க்காரி, களக்காட்டுக்காரி என்று. பள்ளிப் பதிவும் ஞானஸ்நானப் பதிவும் பிறந்த ஊரில்தான் இருக்கும். காந்திமதி, கோமதி, இசக்கியம்மாள், ஆவுடையம்மாள் என்று ஒரே ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். தகப்பனார் பெயரும் ஊரும் ஒத்துப்போகாமல் இவர்தான் என்று முடிவுசெய்யாதீர்கள்.

பிறகு இவற்றைப் பாருங்கள். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர், பெற்றோர், சேர்ந்த நாள், நின்ற நாள், நின்ற காரணம் இருக்கும். டீச்சராக இருந்திருந்தால் எஸ்.ஆர். எனப்படும் பணிப் பதிவேடும் சம்பளம் பெற்றுக் கையெழுத்திட்ட பட்டியலும் மிக உயர்ந்த சான்று. மாதாமாதம் ரெவின்யூ ஸ்டாம்பின்மேல் அவர் தன் கையாலேயே பெயர் எழுதியிருப்பார். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் விவாகப் பதிவேட்டில் மணமகள் கையெழுத்திட்டாளா, கீறல் போட்டாளா என்று பார்த்தாலே எழுத்தறிவு தெரியும். சாட்சிக் கையெழுத்துகளிலும் பெண்கள் உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயரும் எழுதப்பட்டிருக்கும், வேறு பல பதிவுகளில் அது இராது.

நிலம் ஏதாவது அவர் பெயரில் இருந்ததாகக் கேள்விப்பட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். மிகப் பழைய ஆண்டுகளுக்கு அங்கேயே மனுக் கொடுத்துப் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கும். சர்வே எண் மாறியிருப்பதால் ‘பதிவு இல்லை’ என்று வருவது சகஜம். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். அரசுப் பள்ளி, அரசு அலுவலகப் பதிவுகளுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுச் செய்யலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். ‘எங்கள் ஆச்சி பற்றிய எல்லாத் தகவலும்’ என்று கேட்டால் மனு நிராகரிப்பாகும். ஆண்டு, பதிவேட்டின் பெயர், தேவைப்படும் பக்கம் என்று குறுக்கிக் கேளுங்கள்.

ஆச்சி உயிரோடு இருக்கிறார். என்ன கேட்பது?

‘நீங்க என்ன சாதிச்சீங்க’ என்று கேட்டால் ‘நான் என்னத்தய்யா செஞ்சுட்டேன்’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். ‘முதல் சம்பளம் எவ்வளவு, அதுல என்ன வாங்கினீங்க ஆச்சி’, ‘பள்ளிக்கூடத்துக்கு நடந்தா, வண்டியிலயா’, ‘பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போனீங்க’ என்று கேளுங்கள். ஒரு அமர்வு முக்கால் மணி நேரம் போதும். பக்கத்தில் மகனோ மருமகனோ உட்கார்ந்து அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பதிவு வீண், பணிவாக வேறு நேரம் கேட்டு வாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள், அதன் இரைச்சலில் மெல்லிய குரல் மூழ்கிவிடும்.

பாய் நெய்தவர், பீடி சுற்றியவர் எல்லாம் முன்னோடியா?

ஆம். பத்தமடைப் பட்டுப்பாயில் கோரையைக் கிழித்து, உலர்த்தி, தாமிரபரணியில் ஊறப்போட்டு, இழையாக்கி நெய்வதில் பெண் கை உண்டு. பதிவில் மட்டும் ‘வீட்டு வேலை’. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடிப் பெண்களின் பாஸ்புக்கைக் கேட்டுப் பாருங்கள். எடுத்த இலை, தூள், கொடுத்த பீடி, கழித்த பீடி என்று உழைப்பு முழுவதும் எண்ணாக இருக்கும். 1976 நல நிதிச் சட்டத்துக்குப் பிறகு வந்த அடையாள அட்டையும் சான்றுதான்.

கொல்லம் ஆண்டை எப்படி மாற்றுவது?

பழைய காகிதங்களில் ஆங்கில ஆண்டுக்குப் பதில் வரும் கொல்லம் ஆண்டு நம் பக்கத்தில் ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய 824ஐக் கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி முடிய 825ஐக் கூட்டுங்கள். கொல்லம் 1083 ஐப்பசி என்றால் 1907. அதே 1083 மாசி என்றால் 1908. மார்கழி இரண்டு ஆங்கில ஆண்டுகளிலும் விழுவதால் தேதி தெரியாமல் மாற்றக் கூடாது.

தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் கவனம் தேவை. பிரபவ என்பது 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுத் தவறு இப்படித்தான் நுழைகிறது. பேத்தியின் செயல் பாட்டி கணக்கில் ஏறிவிடும். முத்திரைத்தாளில் உள்ள அரசரின் தலையைப் பாருங்கள், விக்டோரியாவா ஜார்ஜா என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

எழுதி முடித்ததை எங்கே சேர்ப்பது?

மூல ஆவணத்தை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்: எழுத்துக்கு 300 டிபிஐ, புகைப்படத்துக்கு 600. படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள், பெயரும் ஸ்டுடியோ முத்திரையும் அங்கேதான் இருக்கும். லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் பழைய மை கெடும், பிறகு பிரிக்கவும் முடியாது. தமிழ் விக்கிப்பீடியாவில் வீட்டுப் பேட்டியை மட்டும் ஆதாரமாக வைத்தால் கட்டுரை நீக்கப்படும், அச்சில் வந்த தனிச் சான்று வேண்டும். அதனால் முதலில் பள்ளி மலரிலோ சபைப் பத்திரிகையிலோ ஊர் நூலிலோ அச்சேற்றுங்கள். ஒரு பிரதி மாவட்ட மைய நூலகத்துக்கு, ஒரு பிரதி அவர் வேலை பார்த்த பள்ளிக்கு. தலைப்பில் அவருடைய பெயரையே முதலில் போடுங்கள். கணவர் பெயர் உள்ளே வரட்டும்.